ஒரு வீட்டில் நான்கு ஓட்டு

பேராவூரணிப் பக்கம் மூன்று ஏக்கர் தென்னை வைத்திருக்கும் ஒரு விவசாயியின் வங்கிக் கணக்கில், 2019-ம் ஆண்டு மார்ச் மாதம் 2,000 ரூபாய் ஏறியது. பிரதமரின் கிசான் திட்டத்தில் வந்த முதல் தவணை அது. அடுத்த மாதம் 18-ம் தேதி மக்களவைத் தேர்தல். இதே 2,000 ரூபாய் உத்தரப்பிரதேச விவசாயிக்கும் ஏறியது, பீகார் விவசாயிக்கும் ஏறியது. பீகாரில் 40 தொகுதிகளில் 39, பணம் கொடுத்த கட்சியின் கூட்டணிக்குப் போயின. நாடு முழுவதும் அந்தக் கட்சிக்கு 303 இடங்கள். தமிழ்நாட்டில் அந்தக் கூட்டணிக்குக் கிடைத்தது தேனி ஒன்றுதான்.

தேர்தல் முடிந்ததும் டீக்கடையில் ஒரு கணக்குச் சொல்வார்கள். ‘கொடுத்தான், வாங்கினான், போட்டான்’ என்று. படித்தவர்களும் இதையேதான் கொஞ்சம் நாகரிகமான வார்த்தைகளில் சொல்கிறார்கள். விவசாயியின் ஓட்டு தள்ளுபடிக்கும் இலவசத்துக்கும் விலைபோகும் சரக்கு என்பது அதன் பொருள். இந்தக் கணக்கு சரியென்றால், விவசாயிக்குப் பெரிதாகச் செய்த ஆட்சி எதுவும் தோற்றிருக்கக் கூடாது. நடந்ததைப் பார்த்தால் அப்படி இல்லை.

உழவர் சந்தை 1999-ம் ஆண்டு நவம்பரில் மதுரையில் தொடங்கியது. தரகு இல்லாமல் காய்கறி விற்க வழி கிடைத்தது. இன்றும் பல ஊர்களில் அது நடக்கிறது. தொடங்கிய தி.மு.க. 2001 தேர்தலில் தோற்றது. 2006-ல் பதவியேற்ற உடனே அதே கட்சி கூட்டுறவுக் கடன் தள்ளுபடிக்குக் கையெழுத்துப் போட்டது. ஏறக்குறைய 7,000 கோடி ரூபாய். 2011-ல் அந்தக் கட்சிக்கு மிஞ்சியது 23 இடங்கள். வீட்டுக்கு வீடு வண்ணத் தொலைக்காட்சி இருந்தது; அதைப் பார்க்க மின்சாரம்தான் இல்லை. மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று ராத்திரி மோட்டார் கொட்டகையில் படுத்துக் கிடந்தவனிடம் போய், ‘உன் கடனைத் தள்ளுபடி செய்தோமே’ என்றால் அவன் என்ன சொல்வான்?

அ.தி.மு.க.வுக்கும் இதே கதைதான். 2020 பிப்ரவரியில் காவிரி டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகச் சட்டம் வந்தது. 2021 பிப்ரவரியில் 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடன் தள்ளுபடி. பயன்பெற்றவர்கள் 16 லட்சம் பேருக்கு மேல். இரண்டே மாதத்தில் தேர்தல். கோயம்புத்தூர் மாவட்டத்தின் பத்துத் தொகுதிகளும் அந்தக் கூட்டணிக்கே. சேலத்தில் பதினொன்றில் பத்து. ஆனால் எந்த டெல்டாவுக்காகச் சட்டம் போட்டார்களோ அங்கே, தஞ்சாவூர் மாவட்டத்தில், எட்டில் ஏழு தி.மு.க. கூட்டணிக்குப் போயின. கிடைத்த ஒன்று ஒரத்தநாடு. அதுவும் தனிக் கணக்கு வைத்திருக்கிற ஊர். 2016-ல் மாநிலம் அ.தி.மு.க.வுக்குப் போட்டபோது ஒரத்தநாடு தி.மு.க.வுக்குப் போட்டது. 2021-ல் மாநிலம் மாறியபோது இதுவும் மாறி நின்றது.

ஆகவே கொடுத்தது என்ன என்பதை மட்டும் வைத்து ஓட்டை அளக்க முடியாது. வேறு என்ன இருக்கிறது என்று பார்க்க அந்த மூன்று ஏக்கர் வீட்டுக்குள்ளேயே போகலாம். நான்கு ஓட்டு உள்ள வீடு. பெரியவர், அவர் மனைவி, மகன், மருமகள்.

பெரியவர் 1955-ல் பிறந்தவர். அவருடைய அப்பா காங்கிரஸ்காரர். 1965, 66-ல் அரிசிப் பஞ்சம் வந்தது. நெல் விளைகிற தஞ்சை மாவட்டத்திலேயே கூலிக்காரர்கள் மரவள்ளிக்கிழங்கு தின்றார்கள். 1967-ல் அந்த அப்பா காங்கிரஸை விட்டார். ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்பது தி.மு.க.வின் லட்சியம், ஒரு படி நிச்சயம் என்றார்கள். ஆட்சிக்கு வந்து படி அரிசி போட்டது சென்னையிலும் கோவையிலும்தான். இந்தக் கிராமத்துக்கு அது வரவேயில்லை. அப்பா அதற்காகக் கோபித்துக்கொள்ளவும் இல்லை. ‘நம்ம பசியை நம்ம பாஷையில பேசினான்ல’ என்பாராம். வாங்காத அரிசிக்கு அவர் பல தேர்தல் ஓட்டுப் போட்டார்.

மகனுக்கு, அதாவது நம் பெரியவருக்கு, முதல் ஓட்டு 1977-ல். அப்போது 21 வயது ஆகியிருக்க வேண்டும். இரட்டை இலையில் முத்திரை குத்தினார். சினிமா பார்த்துப் போட்டதாக அவரே ஒப்புக்கொள்வார். அந்த ஓட்டை நிலைக்க வைத்தது 1984. சிறு விவசாயிகளுக்கு மின்சாரம் இலவசம் என்று எம்.ஜி.ஆர். ஆட்சி அறிவித்தது. அதற்குமுன் மின்கட்டணம் கட்ட முடியாமல் இணைப்பைப் பிடுங்கிவிடுவார்களோ என்ற பயத்தில் அவர் அப்பா தூங்காத இரவுகள் உண்டு. அந்தப் பயம் ஒரே நாளில் வீட்டைவிட்டுப் போனது.

அவருடைய மைத்துனர் அடுத்த தெருவில் இருக்கிறார். பன்னிரண்டு ஏக்கர்காரர் என்பதால் 1984-ல் அவருக்குச் சலுகை இல்லை. 1990-ல் தி.மு.க. ஆட்சி எல்லா விவசாயிக்கும் இலவசம் என்றது. அன்றிலிருந்து அவர் உதயசூரியன். ஒரே மின்மாற்றியிலிருந்து ஒரே கம்பியில் இரண்டு மோட்டாருக்கும் மின்சாரம் வருகிறது. அவர் கணக்கில் அது கருணாநிதி கொடுத்தது. இவர் கணக்கில் எம்.ஜி.ஆர். கொடுத்தது. இரண்டும் உண்மை. யாருடைய வீட்டுப் பயம் எந்த வருஷம் தீர்ந்தது என்பதுதான் வித்தியாசம். முப்பது ஆண்டுகள் கழிந்தும் அந்த வருஷத்துக்கு வட்டி கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள், ஓட்டாக.

சாதி இதில் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. இல்லை என்று சொன்னால் வாசிக்கிறவர்களே சிரிப்பார்கள். கட்சிகள் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பதே தொகுதியில் எந்தச் சாதி எத்தனை பேர் என்று எண்ணித்தான். பெரியவரும் ‘நம்ம ஆளு’ என்ற சொல்லைச் சாதாரணமாகச் சொல்வார். அதன் அர்த்தத்தைக் கிளறினால் பாதி பெருமை, பாதி பயம். நாளைக்கு ஒரு வரப்புத் தகராறு காவல் நிலையம் வரை போனால், யாரைப் பிடித்தால் ஆய்வாளரிடம் பேச முடியும்? தாலுகா அலுவலகத்தில் பட்டா மாற்றம் நின்றுபோனால் யார் வீட்டுத் திண்ணையில் போய் உட்காரலாம்? சொந்தச் சாதிக்காரன் கதவைத் திறப்பான் என்று நம்புகிறார்கள். பல நேரம் அவனும் திறப்பதில்லை. அது வேறு விஷயம்.

இப்போது 2018 நவம்பர் 16-க்கு வர வேண்டும். கஜா.

அந்த ஒரே இரவில் இந்த வீட்டின் 210 தென்னையில் 160 சாய்ந்தன. அரசு மரத்துக்கு 600 ரூபாய் இழப்பீடும், வெட்டி அகற்ற 500 ரூபாயும் அறிவித்தது. நல்ல காய்ப்பில் இருக்கும் மரம் வருஷத்துக்கு நூறு காய் தரும். காய் பத்து ரூபாய் என்றால் ஆயிரம் ரூபாய். அதாவது கிடைத்தது ஒரு வருஷக் காய்ப்பு. போனது இன்னும் முப்பது வருஷம் காய்த்திருக்கக் கூடிய மரம். நெட்டைக் கன்று வைத்தால் பாளை விட ஆறேழு ஆண்டு ஆகும். இந்தக் கணக்கு தெரியாத தென்னை விவசாயி கிடையாது.

பணத்தைவிடப் பெரிய பிரச்னை பட்டியல். கணக்கெடுக்க வந்தவர் எழுதிக்கொண்டு போனது 112 மரம். மீதி 48 விட்டுப்போயிற்று. மரத்துக்கு 1,100 என்றால் 52,800 ரூபாய். யாரிடம் போய்ச் சொல்வது? ஊராட்சித் தலைவர் இருந்தால் அவரிடம் சொல்லலாம். ஆனால் அப்போது ஊரில் தலைவரே இல்லை. தமிழ்நாட்டின் உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. ஊரகத்தில் அடுத்த தேர்தல் நடந்தது 2019 டிசம்பர் கடைசியில், அதுவும் எல்லா மாவட்டத்திலும் இல்லை. இடைப்பட்ட மூன்று ஆண்டுகள் தனி அலுவலர்கள்தான். ஒரு தனி அலுவலருக்குப் பல ஊராட்சிகள். புயல் அடித்த அன்று எல்லா ஊருக்கும் ஒரே நேரத்தில் ஓட அவருக்கு எத்தனை கால்கள்? தமிழ்நாட்டில் 2019, 2021 தேர்தல்களைப் பற்றி எழுதியவர்கள் இந்த மூன்று ஆண்டு வெற்றிடத்துக்குக் கொடுக்க வேண்டிய இடத்தைக் கொடுக்கவில்லை.

அந்த வெற்றிடத்தில்தான் பெரியவரின் மனைவி தன் ஓட்டை மாற்றினார்.

அவர் ஜெயலலிதாவுக்காகவே ஓட்டுப் போட்டவர். கட்சி பற்றிக் கேட்டால், ‘எனக்குக் கட்சியெல்லாம் தெரியாது, அம்மா’ என்பார். 2011-க்குப் பிறகு வந்த இருபது கிலோ விலையில்லா அரிசியும், ஆட்டுக்குட்டிகளும், மிக்ஸி கிரைண்டரும் அந்த அன்புக்குக் காரணம் என்று சொல்ல முடியாது. அதற்கு முன்பே இருந்தது. ஆம்பிளைகள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற இடத்தில் ஒரு பொம்பளை உட்கார்ந்திருக்கிறாளே என்ற ஒரு திருப்தி. 2016 டிசம்பரில் அந்த அம்மா போன பிறகு அவர் ஓட்டுக்கு வீடு இல்லை.

புயலுக்குப் பிறகு மூன்று வாரம் மின்சாரம் இல்லை. ஊர் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை. எதிர்க்கட்சியின் கிளைச் செயலாளர் ஒருவர், சின்ன மளிகைக்கடை வைத்திருப்பவர், பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கோ அலைந்து ஒரு ஜெனரேட்டரை வாடகைக்குக் கொண்டுவந்து போட்டார். டீசலுக்கு வீட்டுக்கு ஐம்பது ரூபாய் வாங்கினார். இலவசமாகத் தரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தண்ணீர் வந்தது. விட்டுப்போன 48 மரத்துக்காகப் பெரியவரைத் தன் வண்டியில் உட்கார வைத்து இரண்டுமுறை தாலுகா அலுவலகத்துக்குக் கூட்டிப்போனதும் அவரே. 48-ல் 31 ஏறியது. அடுத்த இரண்டு தேர்தலிலும் அந்த அம்மாவின் ஓட்டு அந்த மளிகைக்கடைக்காரருக்கு. சின்னம் எதுவோ அது.

இதே ஊரின் காலனியில் தென்னை ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். சாய்ந்த மரத்தில் ஏற முடியாது. அவர்களுக்கும் முப்பது வருஷப் பிழைப்பு அன்று ராத்திரியே சாய்ந்தது. மரத்துக்கான இழப்பீடு மட்டும் சிட்டா யார் பெயரில் இருந்ததோ அவருக்குப் போனது. வாய்ப்பேச்சுக் குத்தகைக்கு எடுத்து எரு வைத்துத் தண்ணீர் பாய்ச்சியவருக்கும் அப்படித்தான். அந்தத் தெருவின் ஓட்டு எப்படிப் போனது என்று பெரியவரின் தெருவில் யாரும் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை. ‘அவங்க எப்பவும் அப்படித்தான் போடுவாங்க’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். தங்கள் ஓட்டுக்கு மட்டும் ஆயிரம் காரணம் வைத்திருக்கிறவர்கள், அடுத்த தெருவுக்கு ஒரு காரணம்கூட விட்டுவைப்பதில்லை.

பெரியவர் 2019-ல் வாக்குச்சாவடிக்குப் போனார். இயந்திரத்தில் இரட்டை இலை இல்லை. தஞ்சாவூர் தொகுதியைக் கூட்டணியில் தமிழ் மாநில காங்கிரஸுக்கு ஒதுக்கியிருந்தார்கள். அவர்கள் சின்னம் ஆட்டோ. பெரியவருக்கு இது முன்கூட்டித் தெரியும். ஆனாலும் இயந்திரத்தின் முன்னால் நின்றபோது விரல் தடுமாறியது என்கிறார். கஜா கோபம் மனதில் இருந்தது. இலை இருந்திருந்தால் கோபத்தை மீறிக் கை போயிருக்கும். ‘ஆட்டோவுக்கு நான் என்ன பாத்தியதை?’ அதற்கு மேல் சொல்ல மாட்டார். 2021-ல் பேராவூரணியில் இலை இருந்தது. அதற்கே போட்டார்.

அதே 2019 ஏப்ரலில் தர்மபுரிப் பக்கம் நடந்ததையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். அரூர், பாப்பிரெட்டிப்பட்டி இரண்டு சட்டமன்றத் தொகுதிகளுக்கும் அன்றே இடைத்தேர்தல். ஒரே நாள், ஒரே வாக்குச்சாவடி, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இயந்திரம். சட்டமன்றத்துக்கு இரண்டிலும் அ.தி.மு.க. ஜெயித்தது. அவை அடங்கிய தர்மபுரி மக்களவைத் தொகுதியில் தி.மு.க. ஜெயித்தது. டெல்லிக்கு ஒருவர், சென்னைக்கு ஒருவர் என்று பிரித்துப் போடத் தெரிந்தவர்களை, கொடுத்ததற்குக் கை நீட்டுகிறவர்கள் என்று சொல்வது எந்த நியாயம்?

ஓட்டுக்குப் பணம் கொடுப்பதை மறைக்க வேண்டியதில்லை. 2016-ல் தஞ்சாவூர், அரவக்குறிச்சி இரண்டு தொகுதிகளின் தேர்தலையே பணப் பட்டுவாடாவைக் காரணம் காட்டித் தேர்தல் ஆணையம் நிறுத்தி, நவம்பரில்தான் நடத்தியது. வாங்குவது தவறு, சட்டப்படியும் குற்றம். ஆனால் கிராமத்தில் இரண்டு பக்கமும் கொடுக்கிறார்கள். இரண்டு பக்கமும் எடை வைத்தால் தராசு எங்கே நிற்கும்? வாங்கியவர் பழையபடி தன் காரணத்துக்கே திரும்புகிறார். பணம் வராத தெருவுக்குத்தான் உண்மையான கோபம் வருகிறது; நம்மை மனுஷனாக எண்ணவில்லை என்று.

மகனுக்கு 2021-ல் முப்பத்து நான்கு வயது. 2017-ல் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராக ஜனங்கள் உட்கார்ந்தபோது, வேலையை விட்டுவிட்டு வாரக்கணக்கில் போய் உட்கார்ந்தவர். வேளாண் மண்டலச் சட்டம் வந்தபோது அப்பா, ‘பாரு, செஞ்சாங்கள்ல’ என்றார். ‘மூணு வருஷம் தெருவுல உக்கார வெச்சுட்டு செய்யிறதுக்குப் பேர் செய்யிறதாப்பா?’ என்றார் மகன். அதே ஆண்டு மூன்று வேளாண் சட்டங்களை மத்திய அரசு கொண்டுவந்து, மாநில ஆட்சி அதை ஆதரித்ததும் மிச்சமிருந்த பேச்சும் நின்றது. மகன் இரண்டு பெரிய கட்சிகளையும் விட்டு மூன்றாவது ஒன்றுக்குப் போட்டார். அது ஜெயிக்காது என்று அவருக்கே தெரியும். ‘ஓட்டை வீணாக்காதே’ என்று அப்பா சொன்னதற்கு, ‘அம்பது வருஷமா வீணாக்காம என்ன சேத்து வெச்சிருக்கீங்க?’ என்று கேட்டுவிட்டார். அப்பாவும் மகனும் பதினைந்து நாள் பேசவில்லை. தென்னங்கன்றுக்குக் குழி எடுக்கிற வேலை இருவருக்கும் இடையில் மருமகள் மூலமாகவே நடந்தது. ‘மாமா தெக்குப் பக்கம் ஆரம்பிக்கச் சொல்றாங்க’, ‘அவரு வடக்கே எடுத்தாச்சுங்கிறாரு மாமா’ என்று.

அந்த மருமகளின் நகைதான் குழியாகவும் கன்றாகவும் மாறியது. நாலரைப் பவுன் கூட்டுறவுச் சங்கத்தில் இருந்தது. 2021 தேர்தலுக்கு முன் ஆளும் அ.தி.மு.க. ஆறு பவுன் வரை நகைக்கடன் தள்ளுபடி என்றது, தி.மு.க. ஐந்து பவுன் வரை என்றது. நாலரைக்கு இரண்டுமே போதும். அப்படியானால் எதை வைத்து முடிவெடுப்பது? யார் ஜெயிப்பார்கள் என்று பார்த்தார், ஜெயிக்கிறவர் சொன்னால்தான் நகை திரும்பும் என்பதற்காக. மற்ற மூன்று பேரும் வேரைப் பார்த்துப் போட்டார்கள். இவர் வானிலை அறிக்கை மாதிரி காற்றைப் பார்த்துப் போட்டார். இதையும் மட்டமாக எண்ண முடியாது. பிழைக்கிறவர் அப்படியும் பார்ப்பார்.

ஜெயித்தவர்கள் தள்ளுபடி செய்தார்கள். நிபந்தனைகள் வந்தன. ஒரு குடும்பத்தில் மொத்தம் 40 கிராமுக்கு மேல் அடமானம் இருந்தால் கிடையாது. மாமியாரின் இரண்டு பவுன் சங்கிலியும் அதே சங்கத்தில் இருந்தது; ஒரே ரேஷன் கார்டு. ஆறரைப் பவுன். பெயர் பட்டியலில் இல்லை. அன்று மாமியார் சாப்பிடவில்லை. தன் சங்கிலியால்தான் மருமகள் நகை போயிற்று என்று அழுதார். ‘நீங்க என்னத்தை பண்ணுவீங்கத்தை’ என்று மருமகள் சொன்னாலும், கழுத்தில் மஞ்சள் கயிற்றைத் தவிர ஒன்றுமில்லாமல் தங்கச்சி கல்யாணத்துக்குப் போய்வந்த வலி அவருக்கு இருந்தது.

2023 செப்டம்பரிலிருந்து குடும்பத் தலைவிக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. அந்தக் கார்டில் தலைவி மாமியார். வந்த அன்றே அந்த ஆயிரத்தை எடுத்து மருமகள் கையில் கொடுத்துவிடுகிறார். மருமகள் கட்டணமில்லாப் பேருந்தில் போய் நகைக்கடனுக்கு வட்டி கட்டிவிட்டு வருகிறார். தள்ளுபடி ஆகாத கடனுக்கு, தள்ளுபடி செய்யாதவர்கள் கொடுக்கிற பணத்தில் வட்டி. இதை நன்றி என்று எடுத்துக்கொள்வதா, கோபம் என்று எடுத்துக்கொள்வதா? 2024 தேர்தலுக்கு முன் கட்சிக்காரர்கள் வாசலுக்கு வந்து கேட்டபோது அந்த வீட்டுப் பெண்கள் இருவரும் எல்லோருக்கும் ஒரே மாதிரி தலையாட்டினார்கள்.

அந்தத் தேர்தலிலும் தஞ்சாவூர் இயந்திரத்தில் இலை இல்லை; கூட்டணியின் முரசு இருந்தது. பெரியவர் போட்டுவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். மகன் தன் மூன்றாவது கட்சிக்கே போட்டதாகச் சத்தமாகச் சொன்னார். மளிகைக்கடைக்காரர் வாசலில் நின்று மாமியாரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். நீ எதுக்குப் போட்டே என்று மகன் மனைவியைக் கேட்டார். ‘வடக்குப் பக்கக் கன்னுல வண்டு விழுந்திருக்கு, மாமாகிட்ட மருந்துக்குச் சொன்னீங்களா?’ என்று கேட்டுக்கொண்டே அவர் கொல்லைப்பக்கம் போனார்.